சின்னவள் கையால் செய்த பத்திரிகை

எனக்குச் சட்டென்று குமட்டும். அதைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைச் சிந்தினால் அன்று எனக்கு மதியச் சாப்பாடு இறங்காது. என் வீட்டுக்காரர் வண்டிச் சாவியால் காதைக் குடைவார், குடைந்ததை முகர்ந்து பார்ப்பார், அதே சாவியைச் சாப்பாட்டு மேசையில் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். பதினான்கு வருஷமாக இந்த மனிதரோடு நான் குடும்பம் நடத்துகிறேன். இப்படிப்பட்டவளுக்குத்தான் கடவுள் பார்த்துப் பார்த்து ஒரு நாத்தனாரைக் கொடுத்தார். ஊர்ச் சனங்களின் மூத்திரத்தையும் மலத்தையும் சளியையும் டப்பாவில் வாங்கி, மூடியைத் திறந்து பார்ப்பதுதான் அவளுக்கு வேலை.

வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. முப்பத்தாறு வயதாகியும் வீட்டில் அவள் சின்னவள்தான். பெற்றவர்கள் போனபின் எங்களோடுதான் இருந்தாள். தெரு முனையில் செருப்புக் கடைக்கு மேல் மாடியில் ஒரு பரிசோதனைக்கூடம் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அதைத் திறப்பவள் அவள். வெறும் வயிற்றோடு வந்து எரிச்சலில் நிற்கும் கும்பலிடம், "பேரு? வயசு?" என்று ஒவ்வொருவராகக் கேட்டு, டப்பாவின் மேல் எழுதி, எண் போட்டு, நோட்டில் பதிந்து உள்ளே எடுத்துப் போவாள். பதினைந்து வருஷத்தில் ஒருத்தர் டப்பா இன்னொருத்தருக்கு மாறியது கிடையாது.

ஒருமுறை அவள் மறந்து வைத்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க அங்கே போனேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு டப்பாவைத் தூக்கிப் பிடித்து, நகைக் கடைக்காரன் கல்லைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கைக்கூடச் சுருக்கவில்லை. நான் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"எப்படிம்மா இதையெல்லாம் பாக்கற?"

"இதுல என்ன அண்ணி இருக்கு? எல்லார் வயித்துலயும் இருக்கறதுதான். இப்ப உங்க வயித்துலயும் இருக்கு."

வயிற்றில் இருப்பது இருக்கட்டும். அதை நினைவுபடுத்த வேண்டுமா? படியிறங்கி வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு தடவை ஓங்கரித்தேன்.

உண்மையைச் சொன்னால், எங்கள் வீட்டிலேயே சுத்தமான கை சின்னவளுடையதுதான். வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டே கழுவுவாள். நகம் ஒட்ட வெட்டியிருக்கும். சோப்பில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். நானோ சமைத்துக்கொண்டே தலையைச் சொறிவேன், அதே கையால் உப்புப் போடுவேன். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? வயிறு நியாயம் கேட்பதில்லை.

அதனால் ஆறு வருஷமாக வாசல் கதவுக்குப் பக்கத்து அலமாரியில் கிருமிநாசினி ஸ்ப்ரே ஒன்று வைத்திருந்தேன். அவள் வந்து குளியலறைக்குள் போனதும் கதவுப் பிடியில் ஒரு புஸ், விளக்கு சுவிட்சில் ஒரு புஸ், அவள் பையை வைத்த நாற்காலியில் இரண்டு புஸ். காதும் காதும் வைத்த மாதிரி அடித்துவிட்டுத் துடைத்துவிடுவேன். அவள் சமைத்த நாளில் எனக்குத் தலைவலி வரும், அல்லது வயிறு சரியில்லாமல் போகும். "வேணாம்மா, வயிறு சரியில்ல" என்பேன். வருஷக்கணக்காக வயிறு சரியில்லாத ஒருத்தி இவ்வளவு பருமனாக இருக்கிறாளே என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்பு அவளுக்கு ஒரு கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோனது. மாப்பிள்ளையின் அம்மா ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பரிசோதனைக்கூடத்துக்குப் போய், மருமகளாகப் போகிறவள் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறார். நேரே எங்கள் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

"அந்தக் கையால என் புள்ளைக்கு எப்படிப் பரிமாறுவா? நெனச்சாலே வயித்தப் பொரட்டுதும்மா."

வீட்டுக்காரர் கத்தினார். படித்த வேலை, கௌரவமான வேலை என்று என்னவெல்லாமோ சொன்னார். நான் அந்தம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனதுக்குள், நியாயமாகத்தானே கேட்கிறார் என்று நினைத்தேன். சமையலறை வாசலில் சின்னவள் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எந்த இடம் வந்தாலும் வேண்டாம் என்றே சொன்னாள்.

ஆறு வருஷம் கழித்து லிப்ட்காரர் வந்தார். அடுக்குமாடிகளில் லிப்ட் பழுது பார்க்கிறவர். கம்பெனியில் உடல் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். விரல் முழுக்க கிரீஸ் கறையோடு, ஒரு பெரிய ஜாம் பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பி எடுத்துக்கொண்டு, "இது போதுங்களா?" என்று நீட்டினாராம். வரிசையே சிரித்ததாம். இவளும் சிரித்திருக்கிறாள். அறிக்கை வாங்க வந்தார், பிறகு அறிக்கையில் சந்தேகம் கேட்க வந்தார், பிறகு சந்தேகமே இல்லாமல் வந்தார். ஜாம் பாட்டிலில் ஆரம்பித்த காதல். இனி ஜாம் தொடவே முடியாதபடி ஆக்கிவிட்டார்கள்.

கல்யாணம் என்று முடிவானதும் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. டைல்ஸ் கடையில் விற்பனையாளர் அவர், பளபளப்பு என்றால் உயிர். அச்சகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு மாதிரிப் பத்திரிகைகளை அள்ளிக்கொண்டு வந்து பரப்பினார். ஒன்றில் வெல்வெட்டு, ஒன்றில் தங்க எழுத்து, ஒன்றைத் திறந்தால் செயற்கை ரோஜா வாசனை வந்தது. எனக்கு அதுவும் குமட்டியது.

சின்னவள் ஒன்றையும் கையில் எடுக்கவில்லை. "நான் வீட்டிலேயே செஞ்சுக்கறேண்ணா. அறுபது போதும். காகிதம்கூட நானே செய்யறேன்" என்றாள்.

"காகிதத்தயா? உனக்கென்ன பைத்தியமா? கடையில குடுத்தா நாலு நாள்ல நீட்டா அடிச்சுத் தருவான்."

"இந்தக் கையத்தானேண்ணா வேணாம்னாங்க. இந்தக் கையால செஞ்சத ஊர்ல நாலு பேரு கைநீட்டி வாங்கணும். வாங்கி வீட்டுல வெச்சுக்கணும். எனக்கு வேற ஒன்னும் வேணாம்."

குரல் உயரவில்லை. அறிக்கை வாசிப்பது போலத்தான் சொன்னாள். வீட்டுக்காரர் மாதிரிகளை அடுக்கிக் கட்டிவிட்டார். அவள் தன் கல்யாணத்துக்காகக் கேட்டது அந்த ஒன்றைத்தான் என்று எனக்கும் அன்றே நன்றாக விளங்கியது. விளங்கவில்லை என்று இப்போது நான் யாரிடமும் சொல்லித் தப்பிக்க முடியாது.

மறுநாளே வேலை ஆரம்பமானது. பரிசோதனைக்கூடத்தின் ஃபோன் நம்பர் மாறியதால் வீணாய்ப்போன பழைய படிவங்கள் ஒரு மூட்டை கொண்டுவந்தாள்.

"ஐயோ, அங்கேருந்தா?" என்றேன்.

"எழுதாத ஃபாரம் அண்ணி. அது மேல யாரும் ஒன்னுக்கு இருந்துட்டுப் போகல."

அவற்றைப் பொடிப்பொடியாகக் கிழித்து வாளியில் ஊறப்போட்டாள். இரண்டு நாளில் வாளியிலிருந்து ஈரச்சாக்கு நாற்றம் கிளம்பியது. என் மிக்ஸியைத் தொடக்கூடாது என்று நான் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லியிருந்ததால், எங்கேயோ ஒரு பழைய மிக்ஸி வாங்கி வந்து, பின்கட்டில் உட்கார்ந்து அரைத்தாள். அரைத்தது குழந்தை கக்கிய பால்சோறு மாதிரி இருந்தது. நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

பழைய புகைப்படச் சட்டம் ஒன்றில் கொசுவலையை இழுத்து ஆணி அடித்திருந்தாள். அகலமான தொட்டியில் தண்ணீர் ஊற்றி, கூழைக் கரைத்து, சட்டத்தை அதில் சரித்து முக்கி, மட்டமாகத் தூக்கி லேசாக ஆட்டுவாள். தண்ணீர் வடிந்ததும் வலை மேல் வெள்ளையாக ஒரு படலம் நிற்கும். அதைத் துணியில் கவிழ்த்து, பஞ்சால் ஒற்றி எடுத்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுவாள். ஒரு மாதம் எங்கள் வீட்டு ஜன்னல் முழுக்க இதுதான். காயக் காய ஓரம் சுருண்டு எழும். வெயிலில் உரிந்த முதுகுத்தோல் ஞாபகம் வந்து எனக்குக் காபி இறங்காது. காய்ந்ததை எடுத்து சோளமாவுக் கஞ்சியில் முக்கி மறுபடி காயப்போடுவாள். அப்போதுதான் மை ஊறாதாம்.

முதல் இருபது தாளில் ஒன்றும் தேறவில்லை. ஒன்று கிழிந்தது, ஒன்றில் என் தலைமுடி ஒட்டியிருந்தது. என் முடிதான், சந்தேகமே இல்லை, அவள் எப்போதும் தலையில் துணி கட்டிக்கொண்டுதான் உட்காருவாள். எல்லாவற்றையும் திரும்ப வாளியில் போட்டாள்.

"கெட்டுப்போனா மறுபடி ஊறப்போட வேண்டியதுதான் அண்ணி. காகிதத்துக்கு மான அவமானமெல்லாம் கிடையாது."

வீட்டுக்காரர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓரமெல்லாம் எலி கடிச்ச மாதிரி இருக்கே" என்றார். அவருக்குத் தெரிந்த காகித அழகு அவ்வளவுதான்.

அறுபது தாள் தேறியதும் நீல மையில் எழுத ஆரம்பித்தாள். வேலை முடிந்து வந்து கைகழுவி, சாயங்கால வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து நாளுக்கு நான்கோ ஐந்தோ எழுதுவாள். "எங்கள் இருவருக்கும் கல்யாணம். நீங்கள் வந்தால் எங்களுக்குச் சந்தோஷம்." கீழே தேதி, நேரம், இடம். வேறு எதுவும் கிடையாது. தன் பெயர் இல்லையே என்று வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் முகம் தொங்கியது. ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலால் எண் போட்டாள். எந்த எண் யாருக்கு என்று ஒரு நோட்டில் பதிந்தாள். செருப்புக் கடைக்காரருக்கு ஒன்று, கீழ்வீட்டு அம்மாவுக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று. பரிசோதனைக்கூடப் புத்தி எங்கே போகும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிந்தது. லிப்ட்காரரும் அவர் அம்மாவும் பதினோரு மணிக்கு வந்து தங்கள் பங்கு முப்பதை வாங்கிப் போவதாக ஏற்பாடு. அறுபதையும் எண் வரிசையில் சாப்பாட்டு மேசை மேல் பரப்பிச் சரிபார்த்துவிட்டு, கட்டுவதற்கு நூல் வாங்கி வருகிறேன் என்று சின்னவள் கடைக்குப் போனாள். வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தார். நானும் அந்த அறுபதும் மட்டும்தான்.

அழகாகத்தான் இருந்தன. அதை மறைக்க மாட்டேன். ஆனால் நாங்கள் சாப்பிடுகிற மேசை அது. அந்தக் கூழும் வாளியும் அந்தக் கையும் ஒன்றன்பின் ஒன்றாக என் கண்ணுக்குள் வந்தன. இப்போது அந்தம்மா வருவார், இதை எடுப்பார், கிட்டே வைத்துப் படிப்பார், முகர்ந்துகூடப் பார்ப்பார் என்று நினைத்தேன். பழையபடி யாராவது மூஞ்சியைச் சுளித்துவிட்டால்? சின்னவளுக்கு நல்லது செய்வதாகக்கூட அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது. எத்தனை அசிங்கமான காரியத்துக்கும் மனுஷ மனம் ஒரு நல்ல காரணத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது. யோசிப்பதற்கு முன்பே என் கை அலமாரிக்குப் போய்விட்டது. ஒன்றின் மேல் லேசாக ஒரு புஸ். ஒன்றும் ஆகவில்லை. சரி என்று இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, பூச்செடிக்குத் தண்ணீர் தெளிப்பது போல அடித்துக்கொண்டே போனேன். பிறகு அடுப்பில் பால் ஞாபகம் வந்து உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது எழுத்துக்கெல்லாம் கால் முளைத்திருந்தது. நீலம் நீலமாக ஊறி, ஒன்றோடொன்று கலந்து, தேதி எது நேரம் எதுவென்று தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. துணியால் ஒற்றப் போய் இன்னும் இரண்டைக் கிழித்தேன். அந்த நேரம் பார்த்துச் சின்னவள் நூல்கண்டோடு உள்ளே வந்தாள்.

மேசையைப் பார்த்தாள். காற்றை ஒருமுறை இழுத்தாள். எந்த வாசனை எதனுடையது என்று அவளுக்கா தெரியாது?

"ஈ உக்காந்துச்சும்மா" என்றேன். என் வாய் கூசவில்லை. "ஒரே ஒரு ஈ. அதான் லேசா..."

"ஆறு வருஷமாவா அண்ணி ஒரே ஈ?"

ஒற்றிய துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"கதவுப் பிடி, சுவிட்ச், நாற்காலி. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? அந்த பாட்டில் இத்தனை வருஷத்துல ஒருநாளாவது காலியாயிருக்கா? யாரு ஊத்தி வெச்சான்னு நெனச்சீங்க? உங்களுக்கு மனசு நிம்மதியா இருக்கட்டும்னு நான்தான் லேப்லேருந்து கொண்டாந்து ஊத்துவேன்."

பாட்டில் தீர்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். தேறியதை ஒருபக்கமும் கெட்டதை ஒருபக்கமுமாகப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

வாசல் மணி அடித்தது. லிப்ட்காரரும் அவர் அம்மாவும் வந்தார்கள். வீட்டுக்காரர் ஈரத்தலையோடு ஓடிவந்து, "வாங்க வாங்க, தண்ணி கொட்டிருச்சு, சின்ன விபத்து" என்று சமாளித்தார்.

"தண்ணி இல்லண்ணா" என்றாள் சின்னவள். வருகிறவர்களிடம் பெயரும் வயதும் கேட்கிற அதே குரல். "என் கை பட்டதுன்னு அண்ணி மருந்தடிச்சுட்டாங்க, அத்தை. ஆறு வருஷத்துக்கு முன்னாடி வந்தவங்களும் இதத்தான் சொல்லிட்டுப் போனாங்க. உங்களுக்கும் அப்படித் தோணுச்சுன்னா இப்பவே சொல்லிடுங்க."

லிப்ட்காரர் தன் கிரீஸ் விரல்களால் ஒரு நனைந்த தாளை மெல்ல எடுத்து, பின்பக்க எண்ணைப் பார்த்து, வரிசையில் சரியான இடத்தில் வைத்தார். அவர் அம்மா தையல்காரர். அதிகம் பேசாத மனுஷி. என்னைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார்.

"எத்தன தேறும்?"

"பதினேழு, அத்தை."

"மிச்சம்?"

"ஊறப்போட்டா மறுபடி காகிதமாயிடும்."

"நம்ம வீட்டுல பெரிய தொட்டி இருக்கு. எடுத்துக்கிட்டு வா."

அவ்வளவுதான் பேசினார். லிப்ட்காரர் சட்டத்தையும் வாளியையும் தூக்கிக்கொண்டார். நான் ஓடிப்போய்த் தேநீர் கொண்டுவந்து அந்தம்மாவிடம் நீட்டினேன். கோப்பையைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்தார். "வேணாம்மா, வயிறு சரியில்ல" என்றார். நிஜமாகவே சரியில்லையோ என்னவோ, எனக்கு எப்படித் தெரியும்? அந்தத் தேநீரை நானும் குடிக்கவில்லை. கழுவுதொட்டியில் கொட்டினேன்.

சாயங்காலமே சின்னவள் இரண்டு பைகளோடு உடன் வேலை செய்கிறவள் வீட்டுக்குப் போய்விட்டாள். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை இல்லை. "வரேன் அண்ணி, வயித்துக்கு மாத்திர மறக்காம சாப்பிடுங்க" என்றாள். வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாவியால் காதைக் குடைந்துகொண்டே குழம்பில் உப்பு குறைவு என்றார்.

அடுத்த இரண்டு வாரத்தில் பத்திரிகைகள் தெருவுக்குள் வர ஆரம்பித்தன. மை கரைந்த தாளையே திரும்ப அரைத்ததால் புதுக் காகிதம் லேசாக நீலம் பாரித்திருந்தது. செருப்புக் கடைக்காரர் அதைக் கல்லாவுக்கு மேல் கண்ணில் படும்படி செருகி வைத்திருந்தார். கீழ்வீட்டு அம்மா மாடியேறி வந்து காட்டினார். "உங்க நாத்தனார் வீட்டுக்கே வந்து கையில குடுத்துட்டுப் போனா. அவளே செஞ்சதாமே! எவ்ளோ மெத்துனு இருக்கு பாருங்க" என்று கன்னத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டார். எனக்கு வயிறு புரட்டவில்லை. புரட்டியிருந்தால்கூட ஒரு ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு என்னைப் பார்த்துத்தான் குமட்டியது. வாயைக் கொப்பளித்தால் போகிற குமட்டல் இல்லை அது.

எங்களுக்கு எந்த எண் போட்டிருக்கிறாள் என்று யோசித்துக்கொண்டே காத்திருந்தேன். வாங்குவதற்கு முன் என் கையை நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் வாங்க வேண்டும், அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்குமேல் என்ன சொல்வது என்று அவள் முகத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம் என்றெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு கூரியர்க்காரர் வந்தார். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கினார். வழவழ அட்டை, தங்க எழுத்து, மேலே கண்ணாடித்தாள் உறை.

"பாத்தியா! நான் அப்பவே சொன்னேன்ல?" முகமெல்லாம் பல்லாக அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "கடையில அடிச்சா எவ்ளோ நீட்டா இருக்கு! நமக்குன்னு தனியா ஸ்பெஷலா அடிக்கச் சொல்லிருக்கா. என் தங்கச்சிடி!"

நான் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். எண் இல்லை. அனுப்பியவர் முகவரி அச்சகத்தினுடையது. எங்கள் முகவரியும் அங்கேயே அச்சடித்து ஒட்டியது. கண்ணாடித்தாளின் ஒட்டு ஒரு இடத்தில்கூடப் பிரியவில்லை. அச்சகத்திலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வரும்படி சொல்லியிருக்கிறாள். அதன் மேல் எங்கேயும் அவள் கை படவே இல்லை.